விளையாடிய பிள்ளை தொழிலுக்கு வரும்போது

உயர்தரப் பரீட்சை முடிந்த கிழமையே எங்கள் வீட்டில் என் விளையாட்டுச் சப்பாத்து பரண் மேல் போய்விட்டது. "தம்பி, விளையாடினது காணும். இனி ஒரு வேலையைப் பார்" என்று அம்மா சொன்னார். கோபத்தில் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் அநேகமான வீடுகளில் விளையாட்டு பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடும், அதற்குப் பிறகு வேலை தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மதில் இருப்பதாகத்தான் நானும் நம்பினேன். நான்கு வருடம் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை செய்தேன். பிறகு சொந்தமாக விளையாட்டு உடை அச்சிடும் தொழிலைத் தொடங்கினேன். இப்போது நானே ஆட்களை வேலைக்கு எடுக்கிறேன். என் தொழிலில் பாதியை எங்கள் ஊர்க் கரப்பந்தாட்ட மைதானத்திலேயே கற்றுவிட்டேன் என்பது இப்போதுதான் புரிகிறது.

யாழ் மத்திய கல்லூரியின் வியாஸ்காந்த் 2024 இல் ஐபிஎல் வரை போனதை எல்லோரும் பார்த்தோம். ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் 40 வயதில், 2019 உலகக் கிண்ண வலைப்பந்தாட்டத்தில் அதிக கோல்களைப் போட்டார். அவர்கள் போன பாதை ஆயிரத்தில் ஒருவருக்குத் திறக்கும். இது மற்ற 999 பேருக்கு எழுதுவது: வலய மட்டம் வரை ஓடியவர்கள், கழகத்துக்கு உதைபந்து ஆடியவர்கள், அணியில் இடம் கிடைக்காமல் புள்ளி எழுதியவர்கள்.

முதலில் ஒரு கொப்பி எடுங்கள்

முதல் நேர்முகத் தேர்வுக்கு நான் சான்றிதழ்கள் நிறைந்த ஒரு கோவையைக் கொண்டுபோனேன். முகாமையாளர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, கப் எல்லாம் வாங்கியிருக்கிறீர். அதிலை நீர் என்ன செய்தனீர்?" என்று கேட்டார். "விளையாடினேன் சேர்" என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. அந்த வேலை கிடைக்கவில்லை. அவர் கேட்டது சரியான கேள்வி.

அப்போது நான் இரண்டு வருடமாகக் கழகத்தின் பொருளாளராக இருந்தேன். அதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஆகவே வேலை தேடும் முன் ஒரு கொப்பியில் எழுதுங்கள். வென்றதை எழுத வேண்டாம், செய்ததை எழுதுங்கள். யார் யாரோடு பேசினீர்கள், எவ்வளவு காசு கையாண்டீர்கள், என்ன பிழைத்தது, அதை எப்படிச் சமாளித்தீர்கள் என்று ஒவ்வொன்றாக.

ஊரில் இரவு வெளிச்சத்தில் நடக்கும் ஒரு கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டியை எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கம் ஆடும் ஓவர்கேம், செற்றப் ஆகிய இரண்டு கரப்பந்தாட்ட வகைகளில் எது என்றாலும் கணக்கு ஒன்றுதான். 24 அணிகள், அணிக்கு 3,000 ரூபா நுழைவுக் கட்டணம் என்றால் 72,000. அனுசரணையாளர்கள் சேர்ந்து 100,000 தருகிறார்கள் என்று வையுங்கள். வரவு 172,000. செலவில் ஜெனரேட்டரும் வெளிச்சமும் 35,000, நடுவர்கள் 30,000, பரிசுப் பணம் 60,000, வெற்றிக் கிண்ணங்கள் 20,000, ஒலிபெருக்கி 12,000, சாப்பாடும் குளிர்பானமும் 15,000. கூட்டிப் பாருங்கள், அதுவும் 172,000. தாளில் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் ஜெனரேட்டர்காரருக்கு அன்று இரவே காசு வேண்டும், அனுசரணையாளர் "பிறகு வாங்கோ தம்பி" என்பார். எங்கள் போட்டி ஒன்றுக்கு 25,000 தருவதாகச் சொன்ன ஒருவர் மூன்று மாதம் கழித்தே தந்தார். நடுவர்களுக்கு நாங்கள் நான்கு பேர் எங்கள் கையில் இருந்து போட்டுக் கொடுத்தோம். இலாபம் வேறு, கையில் காசு இருப்பது வேறு என்பதை எந்த வர்த்தக பாடப் புத்தகமும் எனக்கு அவ்வளவு நன்றாக விளங்கப்படுத்தவில்லை. இன்றும் என் கடையில் முற்பணம் வராமல் ஒரு துணியையும் வெட்டுவதில்லை. அந்தப் பழக்கம் அந்த இரவில் வந்தது.

பதவி வகிக்காதவர்களுக்கும் எழுத நிறைய இருக்கிறது. தலைவியாக இருந்த பிள்ளை, உயிர்த் தோழியை வெளியே இருத்திவிட்டு வேறொருத்தியை இறக்கிய நாள் இருக்கும். வீடு வீடாகப் போய்ச் சந்தா சேர்த்தவர் இருப்பார். அவர் ஆளுக்கு ஆள் பேச்சை மாற்றிப் பேசத் தெரிந்தவர், விற்பனை வேலைக்கு நான் தேடுவது அவரைத்தான். புள்ளி எழுதியவர் மூன்று மணி நேரம் கண்ணை எடுக்காமல் பிழையின்றி எழுதியிருப்பார். காயம் பட்டு ஆறு மாதம் ஒதுங்கியிருந்து, திரும்பி வந்து பயிற்சியைத் தொடங்கியவர் அதையும் எழுதட்டும்.

பிறகு கொப்பியில் உள்ளதைச் சுயவிபரக் கோவைக்கு மாற்றுங்கள். "விளையாட்டில் ஆர்வம் உண்டு" என்ற வரியை அழித்துவிட்டு, "கழகப் பொருளாளராக இரண்டு வருடம், 24 அணிகள் பங்குபற்றிய சுற்றுப்போட்டியின் 172,000 ரூபா வரவு செலவைக் கையாண்டேன், கணக்கறிக்கை பொதுக்கூட்டத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று எழுதுங்கள். உங்கள் உண்மையான எண்களைப் போடுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம். யாழ்ப்பாணம் சின்ன இடம், நேர்முகம் செய்பவரின் மருமகன் உங்கள் எதிரணியில் ஆடியிருப்பான்.

காகிதங்கள்

வலய, மாகாண, தேசிய மட்டச் சான்றிதழ்களை வருட ஒழுங்கில் அடுக்கி, ஒவ்வொன்றையும் ஸ்கான் செய்து மின்னஞ்சலில் ஒரு பிரதி வைத்திருங்கள். அதிபரிடமும் பொறுப்பாசிரியரிடமும் பள்ளியை விட்டு விலகும் முன்னமே கடிதம் வாங்குங்கள். இடமாற்றம் வந்துவிட்டால் பிறகு அலைச்சல். கழகக் கடிதத்தில் பதிவிலக்கம், திகதி, முத்திரை மூன்றும் இருக்க வேண்டும். தேசிய மட்டத்திலோ அதற்கு மேலோ சாதித்தவர்கள், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் உள்ள சிறப்பு அனுமதிப் பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள். எங்களில் பலர் அப்படி ஒன்று இருப்பது தெரியாமலே விட்டுவிட்டோம்.

கம்பனி வழி

இலங்கையில் வர்த்தக நிறுவனங்களுக்கிடையே நடக்கும் போட்டிகளை மேர்கன்டைல் என்பார்கள். துடுப்பாட்டம், மெய்வல்லுநர், வலைப்பந்தாட்டம், கூடைப்பந்தாட்டம், கரப்பந்தாட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் போட்டிகள் உண்டு. வங்கிகள், காப்புறுதி நிறுவனங்கள், ஆடைத் தொழிற்சாலைகள் எல்லாம் அணி வைத்திருக்கின்றன. நல்ல வீரர்களை வேலையோடு சேர்த்து எடுக்கின்றன. மாகாண மட்டத்துக்கு மேல் ஆடியவர்களுக்கு இது உண்மையான வாய்ப்பு. எங்கள் பிள்ளைகள் கேட்பதில்லை, அதுதான் குறை. உங்கள் விளையாட்டில் கொழும்பில் எந்த நிறுவனங்கள் மேர்கன்டைல் ஆடுகின்றன என்று பயிற்றுநரிடம் கேளுங்கள். அந்த நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கிளைக்கு நேரே போய், மனிதவளப் பிரிவுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று விசாரியுங்கள்.

சேரும் முன் நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா? பயிற்சிக்கும் போட்டிக்கும் தரும் விடுப்பு சம்பளத்தோடா? எந்த ஊரில் வேலை? காயம் பட்டு விளையாட முடியாமல் போனால் வேலை என்னவாகும்? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். என்னோடு ஆடிய ஒருவர் அதைக் கேட்காமல் சேர்ந்தார். முழங்கால் போனதும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் அங்கே இருந்த மூன்று வருடமும் அலுவலக வேலை எதையும் கற்கவில்லை, காலை பயிற்சி, மாலை பயிற்சி, அவ்வளவுதான். அணிக்காக எடுத்தாலும் மேசை வேலையைப் பிடிவாதமாகக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

விளையாட்டு உடைத் தயாரிப்பும் ஒரு பெரிய தொழில். 2019 உலகக் கிண்ணத்தில் இலங்கைத் துடுப்பாட்ட அணி அணிந்த சீருடையைக் கடலில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவை மறுசுழற்சி செய்த நூலில் மாஸ் நிறுவனம் தயாரித்தது. அந்த நிறுவனத்தின் தொழிற்சாலைகள் கிளிநொச்சியிலும் இருக்கின்றன. தையல் இயந்திரத்துக்கு அப்பால் தரக் கட்டுப்பாடு, வடிவமைப்பு, கொள்வனவு என்று எத்தனையோ வேலைகள் அங்கே உண்டு. வியர்வையில் ஒட்டும் ஜேர்சியில் ஐந்து செற் ஆடியவருக்கு நல்ல துணி எது என்று யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன், சிங்களம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். தேசியப் போட்டிகளுக்குப் போகும்போது தென்பகுதி அணிகளோடு ஒரே விடுதியில் தங்குவீர்கள். அந்த மூன்று நாளும் மூலையில் இருக்காமல் பேசுங்கள். என் சிங்களம் முழுவதும் அப்படி வந்தது. நிதி நிறுவனத்தில் எனக்கு முதல் பதவி உயர்வைத் தந்ததும் அதுதான்.

விளையாட்டுக்குள்ளேயே வேலை

பயிற்றுநர், நடுவர், உடற்கல்வி ஆசிரியர், உடற்பயிற்சி நிலையப் பயிற்சியாளர், இவை எல்லோருக்கும் தெரிந்தவை. படிக்க விரும்பினால் சபரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது, கொழும்பில் தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவனம் இருக்கிறது. நடுவர் பரீட்சையை விளையாடும் காலத்திலேயே எழுதிவிடுவது நல்லது. கிழமை முழுவதும் வேறு வேலை பார்ப்பவருக்கும் சனி ஞாயிறில் அது ஒரு வருமானம்.

பலர் கவனிக்காத இன்னொரு வேலை நேரடி ஒளிபரப்பு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் தங்கள் ஊர்க் கழகத்தின் இறுதிப் போட்டியை அங்கிருந்தே பார்க்கிறார்கள். ஒரு நல்ல கமரா, நல்ல இணைய இணைப்பு, ஆட்டம் தெரிந்த ஒரு வர்ணனையாளர், இவ்வளவும் போதும். நடுவில் கடைகளின் விளம்பரம் போடலாம்.

சொந்தத் தொழில்

இதில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், நான் காசு இழந்து கற்ற இடம் இது.

துடுப்பாட்ட வீரர்கள் மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் 2011 இல் கொழும்பு டச்சு மருத்துவமனைக் கட்டடத்தில் நண்டு உணவகம் தொடங்கியபோது, தர்ஷன் முனிதாஸ என்ற தேர்ந்த சமையல் கலைஞரைப் பங்காளியாக வைத்துத் தொடங்கினார்கள். முரளிதரனின் தந்தை கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தியவர், தொழிற்சாலை என்றால் என்ன என்பதை அவர் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தார். பெயர் பெற்ற அவர்களுக்கே தொழில் தெரிந்த ஆள் பக்கத்தில் தேவைப்பட்டார் அல்லது தொழில் வீட்டில் இருந்தது. ஆகவே முதல் வருடம் யாருக்காவது கீழ் வேலை செய்து கற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தொழில் தெரிந்த ஒருவரோடு சேருங்கள்.

ஜேர்சி அச்சுத் தொழிலை உதாரணமாக எடுப்போம். சப்ளிமேசன் முறையில் விசேட மையால் தாளில் அச்சடித்து, ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடமளவு துணியோடு அழுத்துவார்கள். மை ஆவியாகி நூலுக்குள் போய்விடும். கழுவினாலும் உரியாது. ஆனால் பொலியெஸ்டர் துணியில்தான் பிடிக்கும், பருத்தியில் நிற்காது. கறுப்புத் துணிக்கு மேல் அடித்தால் நிறமே தெரியாது. இயந்திரம் வாங்க உடனே கடன் எடுக்க வேண்டாம். முதல் பருவம் முழுவதும் ஓடர் மட்டும் எடுத்து, இயந்திரம் உள்ளவரிடம் அடித்து வாங்கிக் கொடுங்கள். இலாபம் குறைவு, ஆனால் வாடிக்கையாளர் யார், எந்த மாதத்தில் வருவார் என்பது கையில் வந்துவிடும்.

மாதம் முக்கியம். வருடம் பிறந்ததும் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் தொடங்கிவிடும், இல்ல நிறங்களில் ரீசேட் ஓடர் மார்ச் வரை குவியும். மத்திய கல்லூரியும் சென்ற் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் வடக்கின் பெரும் போர் உட்பட்ட துடுப்பாட்டச் சமர்களும் அந்தக் காலத்தில்தான். அதற்குப் பிறகு கழகச் சுற்றுப்போட்டிகள். ஒக்டோபரில் மாரி தொடங்கினால் மைதானங்களில் தண்ணீர் நிற்கும், கடைக்கு ஆள் வராது. ஆனால் வாடகை நிற்காது. அடுத்த பருவத்துக்கான துணியையும் டிசம்பரிலேயே வாங்கி வைக்க வேண்டும். ஏப்ரலில் கை நிறையக் காசு இருக்கும்போது மூன்று மாத வாடகையை ஒதுக்கி வைக்காதவர், மழைக்காலத்தில் வட்டிக்கு வாங்க வேண்டி வரும். நான் முதல் வருடம் வாங்கினேன்.

ஓடர் எடுக்கும்போது பெயர், இலக்கம், அளவு மூன்றையும் கழகத்தாரே எழுதிக் கையொப்பம் வைக்கட்டும். வற்சப்பில் அனுப்பினாலும் சரி, "சரி, அடியுங்கோ" என்று எழுத்தில் வரும்வரை அச்சுக்குப் போக வேண்டாம். தொலைபேசியில் கேட்டு நான் எழுதியதில் ஒருமுறை கஜன் கயன் ஆகிவிட்டார். அந்த ஜேர்சியை என் செலவில் மறுபடி அடித்தேன். பாதிக் காசு முற்பணம், மீதி கையில் கொடுக்கும்போது. கூட ஆடிய நண்பர்கள் கடன் கேட்பார்கள், இந்தத் தொழிலில் கடினமான பகுதி இதுதான். எல்லாருக்கும் ஒரே விதி என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டேன். முதலில் இரண்டு பேர் கோபித்தார்கள், பிறகு அவர்களும் முற்பணத்தோடு வந்தார்கள்.

பதிவு கஷ்டமில்லை. தனியாகவோ பங்காகவோ செய்வதென்றால் கிராம அலுவலரிடம் போய், பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிவு செய்யலாம். உள்ளூராட்சி மன்றத்தில் அனுமதிப்பத்திரம் தேவையா என்று கேளுங்கள். பதிவுச் சான்றிதழோடு வங்கியில் தொழிலுக்கென்று தனிக் கணக்குத் திறந்து, வீட்டுக் காசையும் கடைக் காசையும் பிரியுங்கள். வேலைக்கு ஆள் வைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு அவருடைய சம்பளத்தில் 8 வீதமும் உங்கள் பக்கத்தால் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 வீதமும் கட்ட வேண்டும். முதல் ஆளை எடுக்கும் நாளிலிருந்தே கட்டுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணாவோ மாமாவோ முதல் போடுவதாகச் சொன்னால், அது கடனா, பங்கா, அன்பளிப்பா என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் ஒப்பமிடுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். எழுதாமல் விட்டுப் பத்து வருடமாகப் பேசாமல் இருக்கும் சகோதரர்களை எனக்குத் தெரியும்.

ஆட்களைத் தெரிந்து வைத்திருத்தல்

1904 முதல் ஆடப்படும் வடக்கின் பெரும் போரைப் பார்க்க எத்தனையோ நாடுகளில் இருந்து பழைய மாணவர்கள் வருகிறார்கள். அங்கே யாரிடமும் வேலை கேட்க வேண்டாம். ஆட்டத்தைப் பற்றிப் பேசுங்கள், அவர் காலத்து ஆட்டத்தைக் கேளுங்கள். எங்கள் ஊர் வழக்கப்படி "நீர் ஆற்றை பெடியன்?" (யாருடைய மகன்) என்று அவரே கேட்பார். பேச்சு அங்கிருந்து தானாக வளரும். இரண்டு நாள் கழித்து ஒரு சின்னச் செய்தி அனுப்புங்கள். வேலை பற்றிய கேள்வி அதற்குப் பிறகு வரட்டும், அதுவும் "நான் இதைச் செய்ய யோசிக்கிறேன், உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்ற விதத்தில். வருடத் தொடக்கத்தில் நடக்கும் யாழ் சர்வதேச வர்த்தகக் கண்காட்சியிலும் ஒரு நாளை முழுதாகச் செலவழியுங்கள். காட்சிக்கூடங்களில் நிற்பவர்கள் பேசத்தான் வந்திருக்கிறார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இது கடினம் என்று தெரியும். மாலைப் பயிற்சிக்கே வீட்டில் விடாத இடங்கள் உண்டு. தெல்லிப்பழை மகாஜனா கல்லூரி உதைபந்தாட்டத்திலும் கோலூன்றிப் பாய்தலிலும் தேசிய மட்டத்தில் பெண்களை நிறுத்தியது ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து நின்றதால்தான் என்று நினைக்கிறேன். உங்கள் பழைய அணித் தோழிகளை வற்சப் குழு ஒன்றில் சேர்த்து வைத்திருங்கள். எங்கே வேலை இருக்கிறது, எந்த அலுவலகம் பெண்களை மதிக்கிறது என்ற தகவல் அதில்தான் வேகமாக வரும். பெற்றோரின் பயத்தைத் தீர்க்க ஒருமுறை அவர்களையே வேலை இடத்துக்குக் கூட்டிப் போய்க் காட்டுங்கள், பிள்ளை. என்னிடம் வேலை செய்யும் இருவர் அப்படித்தான் சேர்ந்தார்கள்.

முதல் ஆறு மாதம்

மைதானத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் முடிவு உடனே தெரியும். அலுவலகத்தில் நீங்கள் செய்தது சரியா என்பது மூன்று மாதம் கழித்துத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். விளையாடியவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான், நானும் தடுமாறினேன். வெள்ளிக்கிழமை தோறும் மேலதிகாரியிடம், "இந்தக் கிழமை நான் செய்ததில் எதை மாற்ற வேண்டும்?" என்று கேட்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. பயிற்றுநரிடம் கேட்ட அதே கேள்வி. நடுவரோடு வாதாடும் குணத்தையும் வெளியில் விட்டுவிட்டு வாருங்கள். வாடிக்கையாளரிடம் வாதத்தில் வென்றால் ஓடர் போய்விடும்.

விளையாட்டை விட வேண்டாம். வருடத்தின் போட்டி நாட்களை ஜனவரியிலேயே எழுதி மேலதிகாரியிடம் கொடுங்கள், அந்த நாட்களுக்குப் பதிலாக எந்த நாட்களில் கூடுதலாக வேலை செய்வீர்கள் என்பதையும் சேர்த்து. நான் அப்படிக் கொடுத்த வருடம் எல்லா விடுப்பும் கிடைத்தது. இறுதிப் போட்டி பார்க்க மேலதிகாரியும் வந்தார், அம்மாவும் வந்தார்.